நீராவி வைண்டர் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

பழைய நிலக்கரிச் சுரங்கங்களில் கூண்டை ஏற்றி இறக்கிய நீராவி வைண்டர்கள் பிரிட்டனில் பல இடங்களில் நிற்கின்றன. சுற்றுபவை விரல்விட்டு எண்ணும் அளவுக்கே. அவையும் ஒரே மாதிரி சுற்றுவதில்லை. பீமிஷ் அருங்காட்சியகத்தின் 1855-ம் ஆண்டு நிமிர்ந்த ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் நீராவியில் ஓடுவது. பான்டிபிரித் பக்கம் ஹெட்டி குழியின் 1875 இன்ஜின் அழுத்தக் காற்றில் ஓடுவது. வாஷிங்டன் ‘எஃப்’ குழியின் 1888 இன்ஜினையும் நாட்டிங்ஹாம்ஷயர் பெஸ்ட்வுட்டின் நிமிர்ந்த இரட்டைச் சிலிண்டர் இன்ஜினையும் மின்மோட்டார் சுற்றிக் காட்டுகிறது. எது சுற்றுகிறது என்பதைப் பொறுத்துக் கோளாறும் மாறும்.

கீழே உள்ளது பார்வையாளருக்கு ஓட்டிக் காட்டும் வைண்டர்களுக்கு, குறிப்பாக இரட்டைச் சிலிண்டர் படுக்கை இன்ஜினுக்கு. ஆளை ஏற்றி இறக்கும் வைண்டராக இருந்தால் இதை மூடி வைத்துவிட்டு, அந்தச் சுரங்கத்தின் பொறுப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். பாய்லர், ஆவிக் குழாய், பாதுகாப்பு வால்வு ஆகியவற்றையும் இங்கே தொடவில்லை. பிரிட்டனில் அவை 2000-ம் ஆண்டின் அழுத்த அமைப்புப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வருபவை. தகுதிபெற்ற பரிசோதகரின் எழுத்துப்பூர்வத் திட்டம் இல்லாமல் அவற்றில் யாரும் கை வைக்கக் கூடாது.

ஸ்பேனரை எடுக்கும் முன்

ஸ்டாப் வால்வை மூடிப் பூட்டுங்கள். சாவி, உள்ளே வேலை செய்பவர் பாக்கெட்டில் இருக்கட்டும். இரண்டு சிலிண்டரின் டிரெயின் காக்குகளையும் (சிலிண்டரில் தேங்கும் தண்ணீரை வடிக்கும் சிறு வால்வுகள்) திறந்து வையுங்கள். பிரேக்கைப் போட்டு, அதோடு நிறுத்தாமல் டிரம்மைக் கட்டையோ பின்னோ போட்டு முடக்குங்கள். வடம் சுற்றியிருக்கும் டிரம்மில் எடை பெரும்பாலும் ஒரு பக்கம் கூடுதலாகவே இருக்கும். ஆவியே இல்லாமல் அது தானாகச் சுழலும்.

அடுத்து, உங்கள் பிரேக் ஆவியால் பிடிக்கிறதா, எடையால் பிடிக்கிறதா? எடையால் பிடித்து ஆவியால் விடும் பிரேக் என்றால் ஆவி போனதும் தானே பிடித்துக்கொள்ளும். ஆவியால் பிடிக்கும் பிரேக் என்றால், ஸ்டாப் வால்வை மூடிய கொஞ்ச நேரத்தில் உங்களுக்குப் பிரேக்கே இல்லாமல் போய்விடும். இது தெரியாமல் கிராங்க் குழிக்குள் இறங்கக் கூடாது.

அறிகுறி 1: ரெகுலேட்டரைத் திறந்தும் அசையவில்லை

இன்ஜினுக்குப் போகும் ஆவியைக் கூட்டிக் குறைக்கும் வால்வுதான் ரெகுலேட்டர். முதலில் காசில்லாத காரணங்கள். ஸ்டாப் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா? ரிவர்ஸ் லீவர் நடுவில் நிற்கிறதா? பிரேக் விட்டிருக்கிறதா? ஓவர்வைண்ட் சாதனம் (கூண்டு எல்லை தாண்டினால் இன்ஜினை நிறுத்துவது) விழுந்துகிடக்கிறதா? கையால் மீட்டு வைக்காமல் அது தானாக எழாது. இன்ஜின் பக்க அழுத்தமானியையும் பாய்லர் பக்கத்து மானியையும் ஒப்பிடுங்கள். இடையில் பெரிய வித்தியாசம் இருந்தால் கோளாறு குழாய்வழியில், இன்ஜினில் இல்லை.

*ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் என்றால்:* கிராங்க் செத்த புள்ளியில், அதாவது பிஸ்டன் தள்ளினாலும் கிராங்க் சுழலாத ஓட்டமுனையில், நிற்கிறது. எவ்வளவு ஆவி கொடுத்தாலும் நகராது. ஆவியை மூடி, கடப்பாரையாலோ பாரிங் கியராலோ (இன்ஜினைக் கையால் மெல்லத் திருப்பும் அமைப்பு) கொஞ்சம் தள்ளி, கடப்பாரையை வெளியே எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பிறகு ஆவி கொடுங்கள். சக்கரத்தில் மறந்து விட்ட கடப்பாரை இன்ஜின் கிளம்பும்போது பறக்கும்.

*இரட்டைச் சிலிண்டர், சில நிலைகளில் மட்டும் கிளம்ப மறுத்தால்:* இரண்டு கிராங்கும் 90 பாகை தள்ளி அமைந்தவை. ஒன்று செத்த புள்ளியில் இருந்தால் மற்றது முழு வலுவோடு தள்ள வேண்டும். அப்படியும் நிற்கிறதென்றால் அந்த மற்ற சிலிண்டர் வேலை செய்யவில்லை. அதன் டிரெயின் காக்கைத் திறந்து பாருங்கள். ஆவி ஊதவில்லை என்றால் வால்வு சிக்கியிருக்கிறது அல்லது ஸ்பிண்டிலிலிருந்து கழன்றிருக்கிறது. ஸ்பிண்டில் வெளியே அசைவதை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே நட்டு கழன்றால் ஸ்பிண்டில் அசையும், வால்வு அசையாது. ஆவி டிரெயினில் வராமல் நேராக எக்ஸாஸ்டில் சீறிப்போனால், ஸ்லைடு வால்வு முகத்தை விட்டு விலகி நிற்கிறது. நீண்ட நாள் நின்ற இன்ஜினில் இது சகஜம். ரெகுலேட்டரைச் சட்டென்று கொஞ்சம் திறந்து மூடினால் பல சமயம் ‘டப்’ என்று போய் உட்கார்ந்துவிடும்.

டிராப் வால்வு இன்ஜின்களில் காய்ந்துபோன சிலிண்டர் எண்ணெய் வால்வுத் தண்டைக் கோந்துபோல் பிடித்துக்கொள்ளும். ஆறிய பிறகு தண்டைச் சுற்றி மண்ணெண்ணெய் விட்டு, ஊறவிட்டு, கையால் திருப்பித் திருப்பி விடுவியுங்கள். சுத்தியல் வேண்டாம்.

*ஒரு திசையில் மட்டும் போனால்:* ரிவர்ஸ் லீவர் முழுத் தூரம் போகிறதா என்று பாருங்கள். பிறகு இணைப்புத் தண்டின் பின்கள், கடைசியாக ரிவர்ஸ் ஷாஃப்டின் சாவி (ஷாஃப்டையும் அதில் மாட்டிய பாகத்தையும் சேர்த்துப் பிடிக்கும் உலோகத் துண்டு). சாவி வெட்டுப்பட்டிருந்தால் லீவர் முழுக்க நகரும், வால்வை அசைக்கும் லிங்க் பாதிதான் ஏறும்.

*குளிர்காலம் முழுக்க நின்று, பாரிங் கியரிலும் அசையாவிட்டால்:* பிஸ்டன் வளையம் துருவில் ஒட்டியிருக்கிறது. இண்டிகேட்டர் காக் வழியாக ஊடுருவும் எண்ணெய் விட்டுச் சில நாள் காத்திருங்கள். இரண்டு பேர் தம் பிடித்தும் நகரவில்லை என்றால் ஆவியாலோ செயின் பிளாக்காலோ இழுக்க நினைக்க வேண்டாம். சிலிண்டர் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டிய கட்டம் அது. வார்ப்பிரும்பில் அனுபவமுள்ள ஃபிட்டர் வரட்டும்.

அறிகுறி 2: தட்டும் சத்தம்

வைண்டரில் அதிகம் தவறாகக் கணிக்கப்படுவது இதுதான். சத்தம் கேட்டதும் பெரும்பாலோர் பெரிய முனை பேரிங்கை, அதாவது கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் பேரிங்கை, போய் இறுக்குவார்கள். காரணம் வேறெங்கோ இருந்தால், நன்றாக இருந்த பேரிங்கும் சூடேறி, இரண்டு கோளாறாகிவிடும். முதலில் மூன்றை எழுதுங்கள்: ஒரு சுற்றுக்கு எத்தனை தடவை, பிஸ்டன் ஓட்டத்தின் எந்த இடத்தில், ஆவி திறந்திருக்கும்போதா மூடிய பிறகா.

*2அ. கிளம்பும்போது மட்டும், சிலிண்டர் முனையில், ‘கடக் கடக்’ என்று*

சிலிண்டரில் தண்ணீர். உடனே ரெகுலேட்டரை மூடி, பிரேக் போட்டு, டிரெயின் காக்குகளைத் திறங்கள். தண்ணீர் நசுங்காது, பிஸ்டன் அதை மூடியோடு சேர்த்து நசுக்கப் பார்த்தால் உடைவது மூடியோ பிஸ்டனோதான். இரண்டுமே நூறாண்டு பழைய வார்ப்பு, கடையில் கிடைக்காது.

முதல் சந்தேகம் டிரெயின் காக்குகளின் மேலேயே இருக்கட்டும். ஒரே லீவரில் நான்கும் திறப்பதால் நான்கும் ஊதுகின்றன என்று நினைத்துக்கொள்வோம். ஒன்றில் துருச் செதிலும் எண்ணெய்க் கசடும் அடைத்திருக்கும். ஒவ்வொன்றின் வாயிலும் ஆவி வருவதைத் தனித்தனியாகப் பாருங்கள். வராததை, ஆவியை மூடி ஆறவிட்டுக் கம்பியால் குத்தி விடுங்கள்.

அடுத்தது சூடேற்றும் முறை. டிரெயின்கள் திறந்தபடி ஆவியைக் கசியவிட்டு, இன்ஜினை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, இரு முனைகளுக்கும் சூடு போக விடுங்கள். பெரிய இன்ஜினுக்கு ஒரு மணி நேரம் தாராளமாக ஆகும். கடிகாரத்தை விட டிரெயின் வாயை நம்புங்கள்: தண்ணீர் துப்புவது நின்று, வாயை ஒட்டி ஒரு சாண் அளவுக்கு நிறமில்லாமல் தெரிந்து அதற்கப்பால் வெண்மையாகும் ஆவி வர வேண்டும். வாயிலேயே வெள்ளையாக வந்தால் இன்னும் ஈரம்.

நன்றாகச் சூடான பிறகும் தண்ணீர் வந்தால் பாய்லரிலிருந்து தண்ணீர் ஆவியோடு ஏறி வருகிறது. பாய்லரில் நீர்மட்டம் கூடுதலா, நீர் அழுக்கா, ரெகுலேட்டரை ஒரே வீச்சில் திறக்கிறீர்களா என்று பாருங்கள். பிரதானக் குழாயின் ஸ்டீம் டிராப் வேலை செய்கிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் சரியென்றால் குழாய் எங்கோ தொய்ந்து தண்ணீர் தேங்குகிறது. குழாய்ச் சரிவை மாற்றுவது உங்கள் வேலை அல்ல; பரிசோதகரைக் கேளுங்கள்.

*2ஆ. சுற்றுக்கு இரண்டு தடவை, ஓட்டத்தின் இரு முனையிலும்*

பேரிங் தளர்ச்சி. எந்தப் பேரிங் என்பதுதான் கேள்வி. கிராங்கை நடு ஓட்டத்தில் நிறுத்தி, பிரேக்கை இறுகப் போட்டு, ரெகுலேட்டரை மயிரிழை திறந்து, ரிவர்ஸ் லீவரை முன்னும் பின்னும் மாற்றச் சொல்லுங்கள். பிஸ்டன் ஒவ்வொரு முறையும் திசை மாறித் தள்ளும். இன்னொருவர் கிராஸ்ஹெட் (பிஸ்டன் ராடும் கனெக்டிங் ராடும் சேரும் கட்டை) பின், பெரிய முனை, பிரதான பேரிங் என்று வரிசையாகப் பார்க்கட்டும். இணைப்பின் இரு பக்கத்தையும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டால் ஆட்டம் கண்ணுக்கே தெரியும். காந்த அடியுள்ள டயல் கேஜ் இருந்தால் எண்ணாகவே கிடைக்கும். விரலை வைத்துப் பார்க்கும் பழக்கம் பழைய ஆட்களுக்கு உண்டு. அதைப் பின்பற்ற வேண்டாம்.

தளர்ந்த இணைப்பு தெரிந்ததும், ஆவியை மூடிப் பூட்டிவிட்டு ஈயக் கம்பி வைத்து அளவெடுங்கள். பிராஸின் (பேரிங்கின் உள்துண்டு) நடுவிலும் இரு ஓரத்திலும் மெல்லிய ஈயக் கம்பித் துண்டுகள். மூடியை முழுக்க இறுக்கிக் கழற்றி, நசுங்கிய தடிமனை மைக்ரோமீட்டரில் பாருங்கள். ஷாஃப்டின் விட்டத்தில் ஒவ்வொரு 100 மி.மீ.க்கும் 0.1 மி.மீ. இடைவெளி என்பது நல்ல தொடக்கக் கணக்கு. 200 மி.மீ. பின்னுக்கு 0.2. மூன்று துண்டும் மூன்று அளவு காட்டினால் பிரச்சினை தேய்மானம் மட்டுமல்ல, பின் கோணலாகவோ முட்டை வடிவமாகவோ தேய்ந்திருக்கிறது. ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) எடுத்து அதைச் சரிசெய்ய முடியாது.

ஷிம் எடுத்தாலும் ஆப்பை இறக்கினாலும் ஒன்றை மறக்கக் கூடாது. கனெக்டிங் ராடின் பயன்பாட்டு நீளம் மாறுகிறது. பிஸ்டன் ஒரு பக்க மூடிக்கு நெருங்கி, மறுபக்கம் விலகும். கனெக்டிங் ராடைக் கழற்றியபடி பிஸ்டனை இரு மூடியிலும் முட்டவைத்து, கிராஸ்ஹெட் நிற்கும் இடத்தை ஸ்லைடு பாரில் கீறிக்கொள்ளுங்கள். பூட்டிய பிறகு பாரிங் கியரில் முழுச் சுற்று சுற்றி, இரு முனையிலும் கீறலுக்கு எவ்வளவு முன்னால் நிற்கிறது என்று அளந்து, இரண்டும் ஏறக்குறைய சமமாக வரும்படி வையுங்கள். பழைய இன்ஜின்களில் இந்தக் கீறல்கள் முன்பே குத்தியிருக்கலாம். அழுக்கைத் துடைத்துத் தேடிய பிறகே புதிதாகப் போடுங்கள்.

*2இ. சுற்றுக்கு ஒரே தடவை*

டிரம்மில் வடம் இருந்தால், ஒரு சுற்று அடுத்த சுற்றின் மேல் ஏறும் இடத்தில் ஒரு ‘தொப்’ வரும். அது இயல்பு. வடமே இல்லாமலும் வந்தால் டிரம் போல்ட்டுகள், டிரம்மின் மரப்பலகை, பிறகு சாவிகள். போல்ட்டுகளைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். இறுகியது கணீரென்று பேசும், தளர்ந்தது மொத்தென்று.

கிராங்குக்கும் ஷாஃப்டுக்கும், டிரம் பாஸுக்கும் (ஷாஃப்ட் நுழையும் நடுப்பகுதி) ஷாஃப்டுக்கும் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு ஓட்டுங்கள். கோடு முறிந்தால் சாவி தளர்ந்திருக்கிறது. அதற்கு முன்பே தெரியும் அடையாளம் ஒன்று உண்டு: சாவியின் வாயில், எண்ணெயோடு குழைந்து காவி நிறத்தில் கசியும் மைபோன்ற துருத்தூள். இரும்பும் இரும்பும் உராயாமல் அது வராது. துடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். திரும்பவும் வந்தால் இன்ஜினை நிறுத்துங்கள். சாவியை அடித்து இறக்கினால் வார்ப்பு பாஸ் பிளக்கும். அளவெடுத்துப் புதுச் சாவி பொருத்துவதும், பாஸில் விரிசல் தேடுவதும் நிபுணர் வேலை.

*2ஈ. பிஸ்டன் பக்கம் மந்தமாக, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே*

பிஸ்டன் நட்டு தளர்ந்திருக்கலாம். ‘இந்த வாரக் காட்சி முடியட்டும்’ என்று தள்ளிப்போடக் கூடாது. மூடியைத் திறக்கும்வரை ஓட்டாதீர்கள்.

வால்வை அசைக்கும் எக்சென்ட்ரிக் பட்டையின் லேசான டிக் டிக் சத்தம் இதில் சேராது. ஷிம் ஒன்று எடுத்தால் போதும். எடுக்காமல் விட்டாலும் இந்தப் பருவத்தை ஓட்டலாம்.

அறிகுறி 3: பிரேக் சரியில்லை

மற்ற எல்லாக் கோளாறுக்கும் ‘பிரேக் போட்டு நிறுத்துங்கள்’ என்று சொல்லலாம். இதற்குச் சொல்ல முடியாது. ஆகவே பிரேக்கில் எந்தச் சந்தேகமும் அன்றைய ஓட்டத்துக்கு முற்றுப்புள்ளி.

*3அ. பிடித்தும் நழுவுகிறது*

பிரேக் தடத்தைத் துணியால் துடைத்துத் துணியைப் பாருங்கள். கறுப்பாக, வழவழப்பாக வந்தால் எண்ணெய். பிரதான பேரிங்கிலிருந்து தெறித்ததாக இருக்கலாம்; வடத்தில் பூசிய கிரீஸ் வெயிலில் உருகிச் சொட்டியதாகவும் இருக்கலாம். தடத்தைக் கரைப்பானால் துடைத்து, மரக்கட்டையின் முகத்தை உப்புத்தாள் போட்டுப் புதுப்பியுங்கள். எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் துடைத்து மட்டும் வைத்தால் அடுத்த வாரமும் துடைக்கத்தான் போகிறீர்கள். ஈரமான காலையில் முதல் சில சுற்று நழுவினால், மெல்லப் பிடித்தபடி சுற்றி உலர விடுங்கள்.

தடம் சுத்தம், இருந்தும் நழுவுகிறதா? பிரேக் இன்ஜினின் (பிரேக்கை இயக்கும் சிறு சிலிண்டர்) பிஸ்டன் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். கட்டைகள் தேயத் தேய அது நீளமாகப் போக வேண்டியிருக்கும். ஒரு நாள் சிலிண்டரின் முனையில் முட்டி நின்றுவிடும். பார்ப்பவருக்குப் பிரேக் முழுக்கப் போட்டதுபோல் இருக்கும், கட்டையில் அழுத்தமே இருக்காது. பிரேக் ராடில் பெயின்டால் ஒரு எல்லைக்கோடு போட்டு, அதைத் தாண்டினால் இணைப்பைச் சரிசெய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஓட்ட நாளும் முதல் வேலையாக நிலைச் சோதனை. பிரேக்கைப் போட்டு, லீவரை முழுக்க முன்னால் வைத்து, பதிவேட்டில் குறித்துள்ள அதே அழுத்தம்வரை ரெகுலேட்டரை மெல்லத் திறங்கள். டிரம் விளிம்பின் சாக்பீஸ் கோடு அசையக் கூடாது. பின் திசையிலும் அதேபோல். ஒவ்வொரு தடவையும் ஒரே அழுத்தம் என்பது முக்கியம். இல்லாவிட்டால் போன மாதத்தோடு ஒப்பிட முடியாது.

*3ஆ. வெடுக்கென்று பிடிக்கிறது, அதிர்கிறது*

புதுக்கட்டை போட்ட பிறகென்றால் கட்டை ஓரத்தில் மட்டும் தொடுகிறது. தடத்தில் சாக்பீஸ் பூசி ஒரு முறை பிடித்து விட்டால், கட்டையில் எங்கே வெள்ளை ஒட்டுகிறதோ அதுதான் தொடும் இடம். அதைச் சீவிச் சீவி, முகம் முழுக்க வெள்ளை பரவும்வரை படியவையுங்கள். பழைய கட்டையிலேயே அதிர்வு தொடங்கினால் டயல் கேஜ் வைத்துத் தடம் வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். தடத்தில் வலைபோல மெல்லிய வெப்ப விரிசல்கள் தெரிந்தால் பரிசோதகர் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

மரத்துக்குப் பதில் அச்சில் வார்த்த பழைய லைனிங் இருந்தால், அதில் கல்நார் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாளும் காற்றடிப்பும் கூடாது. மாதிரி எடுத்துச் சோதிப்பதற்கே தகுதி பெற்றவர் வேண்டும்.

*3இ. பிரேக் இணைப்பில் ஒரு பின் திரும்பவில்லை*

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு: 1973 ஜூலை 30 அன்று டெர்பிஷயரின் மார்க்கம் சுரங்கத்தில், ஆட்களோடு இறங்கிய கூண்டை நிறுத்த முடியாமல் 18 பேர் இறந்தார்கள், 11 பேர் படுகாயமடைந்தார்கள். அது மின்வைண்டர்தான். ஆனால் உடைந்தது, எந்த நீராவி வைண்டரிலும் இருக்கக்கூடிய ஓர் உருக்குத் தண்டு, பிரேக்கின் நடு ராடு. 2 அங்குல விட்டம். அதன் அடியில் இருந்த திரும்பும் பேரிங்குக்கு உயவு போதாமல் அது திரும்ப மறுத்தது. ராடு ஒவ்வொரு பிரேக்குக்கும் கொஞ்சம் வளைந்து, உலோகம் களைத்து, விரிசல் வளர்ந்து, அறுந்தது. அந்த ஒன்றைத் தவிர எடையைத் தாங்க வேறு எதுவும் அங்கே இல்லை.

ஆகவே பிரேக் இணைப்பின் ஒவ்வொரு பின்னிலும் கிரீஸ் அடித்தால் பழைய கிரீஸ் வெளியே தள்ளப்பட்டுப் புதியது எட்டிப் பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் வழி அடைத்திருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அந்தப் பின் கையால் திரும்பும் அளவுக்கு வராவிட்டால் பூட்டாதீர்கள். ராடின் மரை தொடங்கும் அடிப்பகுதியும் தோள்பட்டையும்தான் விரிசல் பிறக்கும் இடங்கள். பெயின்டுக்கு மேல் பார்த்து எதுவும் தெரியாது. காந்தத்தூள் சோதனையும் மீயொலிச் சோதனையும் தெரிந்த ஒருவரை, பரிசோதகர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் வரவழையுங்கள். பிரேக் ராடில் வெல்டிங் என்ற பேச்சே வேண்டாம்.

அறிகுறி 4: ரெகுலேட்டரை மூடியும் நகர்கிறது

பிரேக் போட்டு ஸ்டாப் வால்வை மூடுங்கள். ரெகுலேட்டர் கசிகிறது என்பதே முதல் சந்தேகம். உறுதி செய்ய, பிரேக்கோடு ஸ்டாப் வால்வைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, டிரெயின் காக்கைப் பாருங்கள், இடைவிடாமல் ஊதும்.

முதலில் ரெகுலேட்டரின் இணைப்புத் தண்டு முழுக்க மூடவிடுகிறதா என்று பாருங்கள். பல சமயம் லீவர் தரையில் முட்டி நிற்கும், வால்வு மயிரிழை திறந்தே இருக்கும். அது சரியென்றால் வால்வு உட்காரும் இருக்கையில் துருச் செதில். ஒரு தடவை நன்றாகத் திறந்து மூடினால் போகலாம். போகவில்லையென்றால் கழற்றி மென்மையான கிரைண்டிங் பேஸ்டில் தேய்க்க வேண்டும். இரட்டை இருக்கை வால்வு குளிரில் இறுக்கமாக மூடி, சூட்டில் கசிந்தால் தேய்த்துப் பயனில்லை. வால்வும் கூடும் வேறு வேறு அளவில் விரிந்து ஒரு இருக்கை மட்டும் உட்காருகிறது. அதைச் சூடான நிலைக்குக் கணக்கிட்டு வெட்டுவது வால்வு நிபுணரின் வேலை.

அறிகுறி 5: பீட் (எக்ஸாஸ்ட் சத்தத்தின் தாளம்) ஒழுங்கில்லை

இரட்டைச் சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை எக்ஸாஸ்ட் விட வேண்டும், சம இடைவெளியில், சம வலுவில். ஒன்று மட்டும் மெலிந்திருந்தால் கசிவு. இடைவெளி மாறினால் வால்வு அமைப்பு.

கசிவைத் தேட, சந்தேகப்படும் சிலிண்டரின் கிராங்கை நடு ஓட்டத்தில் நிறுத்தி, பிரேக் போட்டு, லீவரை நடுவில் வையுங்கள். இந்த நிலையில் ஸ்லைடு வால்வு இரு வாய்களையும் மூடியிருக்க வேண்டும். லேசாக ஆவி விட்டு இரு டிரெயினையும் திறங்கள். ஊதினால் வால்வு கசிகிறது. வால்வு தேறிவிட்டால் லீவரை முன்னால் தள்ளி ஒரு முனைக்கு மட்டும் ஆவி விடுங்கள். மறுமுனையின் டிரெயினில் ஆவி வந்தால் பிஸ்டன் வளையம். காட்சிக்கு மெதுவாக ஓடும் இன்ஜினில் கொஞ்சம் வளையக் கசிவைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து. அதற்காகப் பிஸ்டனை வெளியே எடுப்பதால் வரும் ஆபத்து அதிகம்.

இடைவெளிதான் சிக்கல் என்றால் எக்சென்ட்ரிக் நகர்ந்ததா என்று பழைய குறியோடு ஒப்பிடுங்கள். குறி இல்லாமல் வால்வைத் திருத்த முயல வேண்டாம்.

அறிகுறி 6: கிளாண்டில் ஆவி கசிகிறது

கிளாண்டு என்பது ராடு சிலிண்டரை விட்டு வெளியே வரும் இடத்தின் அடைப்பு. அதன் நட்டுகளை ஒரு பட்டை அளவு, மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். கிளாண்டு கோணலாக உள்ளே போனால் ராடில் கீறல் விழும். இனி இறுக இடமில்லை என்றால் புதுப் பேக்கிங். ஆனால் பல பத்தாண்டுகளாகத் தொடாத கிளாண்டு என்றால் உள்ளே இருப்பதும் கல்நார்க் கயிறு என்றே கொள்ளுங்கள். கொக்கி போட்டு இழுக்காதீர்கள்.

புதிய கிராஃபைட் கயிற்றின் தடிமன் இப்படி: கிளாண்டுக் கூட்டின் உள்விட்டத்தில் ராடின் விட்டத்தைக் கழித்துப் பாதி. கூடு 140 மி.மீ., ராடு 100 மி.மீ. என்றால் 20 மி.மீ. கயிறு. ராடில் சுற்றிச் சரிவாக வெட்டுங்கள். வளையங்களைத் தனித்தனியாக உள்ளே தள்ளி, ஒவ்வொன்றின் வெட்டுவாயும் முந்தையதற்குக் கால்வட்டம் தள்ளி வரும்படி வையுங்கள். நட்டை விரலால் இறுக்கி ஓட்டி, சூடான பிறகு கொஞ்சமாக இறுக்குங்கள். ஆறு மாதத்துக்குள் மறுபடியும் கசிந்தால் குற்றம் பேக்கிங்கில் இல்லை. ராடை மூன்று இடத்தில் அளந்து பாருங்கள், நடுவில் மெலிந்திருக்கும்.

அறிகுறி 7: பேரிங் சூடு

கையை வைத்து எடுக்காமல் இருக்க முடியாவிட்டால், ஏறக்குறைய 60° செல்சியஸ், காரணம் தேட வேண்டிய நேரம். எண்ணெய்க் கிண்ணம் நிறைந்திருக்கலாம், ஆனால் கம்பளித் திரி குழாயிலிருந்து மேலே எழும்பியிருக்கும். திரியில் அழுக்கேறி எண்ணெய் இழுக்காமலும் இருக்கும். இவைதான் முக்கால்வாசிக் கேஸ். பிறகு மூடியை அதிகம் இறுக்கியது. பிறகு மணல், துரு.

சூடான பேரிங்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். மெதுவாகச் சுற்றவிட்டு எண்ணெயைத் தாராளமாக ஊற்றி ஆற வையுங்கள். வடியும் எண்ணெயில் வெள்ளிபோல் மினுக்கும் துகள் இருந்தால் ஒயிட்மெட்டல் (பேரிங்கின் உள்ளே வார்த்த மென்மையான உலோகம்) போய்க்கொண்டிருக்கிறது. மறுவார்ப்புக்கு ஆள் தேடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஒரே பேரிங் ஆண்டுதோறும் சூடானால் அடித்தளம் இறங்கியிருக்கலாம். சுரங்கத்தின் மேல் நிற்கும் கட்டடத்தில் நிலம் அமுங்குவது அதிசயமில்லை. அலைன்மென்ட் அளப்பவரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 8: ரிவர்ஸ் லீவர் கனக்கிறது, உதைக்கிறது

சிலிண்டர் எண்ணெய் போகவில்லை என்பதே முதல் சந்தேகம். ஆவி ஸ்லைடு வால்வை முகத்தோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. முகம் காய்ந்தால் அந்தப் பிடி முழுக்க உங்கள் கைக்கு வரும். லூப்ரிகேட்டரில் தேங்கிய தண்ணீரை வடித்து, எண்ணெய் நிரப்பி, சில சுற்று ஓட்டிப் பாருங்கள். லீவர் பற்களில் கொக்கி நழுவினால் பல் தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை லீவருக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

ஆவி ரிவர்சர் (ஆவியின் வலுவால் திசை மாற்றும் கருவி) உள்ள இன்ஜின்களில் லீவர் துள்ளினால் எண்ணெய்ச் சிலிண்டரில் காற்று புகுந்திருக்கிறது. நிரப்பி, காற்றை வெளியேற்றினால் அடங்கும். தானாக நகர்ந்தால் அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் சீல் போயிருக்கிறது.

அறிகுறி 9: ஆழங்காட்டி முள் பொய் சொல்கிறது

கூண்டு எந்த ஆழத்தில் நிற்கிறது என்று காட்டுவது இந்த முள். அதைத் திருத்துவதற்கு முன் ஏன் தவறியது என்று தெரிய வேண்டும். மேல், கீழ் இரு முனையிலும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் ஒரு தடவை நழுவியது அல்லது வடம் நீண்டது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வித்தியாசம் கூடினால் சங்கிலியோ பல்சக்கரமோ வழுக்குகிறது. கோப்பே முறையில் மட்டும் இது இயற்கை. 1877-ல் ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரின் ஹனோவர் சுரங்கத்தில் பிறந்த அந்த முறையில் வடம் சக்கரத்தின் மேல் உராய்வால் மட்டுமே நிற்கிறது, ஆகவே சற்றே நகரும். முள்ளை அவ்வப்போது ஒத்திசைத்தே தீர வேண்டும்.

ஓவர்வைண்ட் சாதனம் அந்த முள்ளோடு சேர்ந்தே இயங்குகிறது. முள்ளைத் தொட்ட பிறகு, டிரம் நின்ற நிலையில் டிரிப்பைக் கையால் விழவைத்துப் பாருங்கள். ஆவி மூட வேண்டும், பிரேக் விழ வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் நடந்தால் அன்று ஓட்டம் கிடையாது.

அறிகுறி 10: மோட்டாரில் அல்லது காற்றில் ஓட்டும்போது வருபவை

*மோட்டார் டிரிப் ஆகிறது, ஒவ்வொரு அரைச் சுற்றிலும் திணறுகிறது:* டிரெயின் காக்குகள் மூடியிருக்கின்றன. பிஸ்டன் காற்றை நசுக்கிக்கொண்டு ஓடுகிறது. திறந்துவிடுங்கள். திறந்திருந்தும் திணறினால் சிலிண்டர் வறண்டிருக்கிறது. ஆவி இல்லாத இன்ஜினில் எண்ணெயைச் சுமந்து போக எதுவும் இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். ஓட்டுவதற்கு முன் கையால் எண்ணெய் விட வேண்டும். பாரிங் கியரில் லேசாகச் சுற்றினால் கோளாறு மோட்டார் பக்கம், எலக்ட்ரீஷியனுக்கு.

*காற்றில் எக்ஸாஸ்ட் உறைகிறது, லீவர் இறுகுகிறது:* அழுத்தக் காற்று விரியும்போது குளிரும். அதில் உள்ள ஈரம் தண்ணீராகவும் பனியாகவும் படியும். கம்ப்ரசருக்குப் பின் உலர்த்தி இருக்கிறதா, காற்றுத் தொட்டியின் அடிநீரை வடித்தீர்களா என்று பாருங்கள். கெட்டியான நீராவிச் சிலிண்டர் எண்ணெய் இந்தக் குளிரில் மெழுகாகிவிடும்; காற்றில் ஓட்டும் இன்ஜினுக்கு மெல்லிய எண்ணெய் வேண்டும். இரண்டையும் கலக்கவும் வேண்டாம், பழையதைத் துடைத்தெடுத்த பிறகே மாற்றுங்கள். ஓட்டம் முடிந்த அன்றே காற்றுவழியில் எண்ணெயை மூடுபனியாக விட்டுச் சில சுற்று சுற்றி நிறுத்துங்கள். அப்புறம் மாதம் ஒருமுறை கால் சுற்று பாரிங் கியரில் தள்ளி, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிறுத்துங்கள். டிரெயின் காக்குகள் குளிர்காலம் முழுக்கத் திறந்தே கிடக்கட்டும்.